சீட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவே ஒரு மருந்தாளுநர்

2013 மார்ச். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பீட்டர்பரோ நகர மருத்துவமனை. புற்றுநோயாளிகளுக்கு ஏற்றவேண்டிய மருந்துகளைத் தயார்செய்யும் பிரிவில் வேலை பார்த்த மருந்தக உதவியாளர் ஒருவர், ஜெம்சைட்டபின் பை ஒன்றைக் கையில் எடுத்தார். கலந்த மருந்தை அனுப்பும் நிறுவனத்தை மருத்துவமனை அப்போதுதான் மாற்றியிருந்தது. பழைய நிறுவனத்தின் லேபிளில் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று அச்சாகியிருக்கும். புதிய லேபிளில் அந்த விவரத்தைக் காணோம். அவர் பையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்வி பெரிய விஷயத்தைக் கிளறிவிட்டது. 100 மில்லி என்று எழுதிய சலைன் பையில் சரியாக 100 மில்லி இருப்பதில்லை; தயாரிக்கும்போதே சற்றுக் கூடுதலாக நிரப்புவார்கள். அந்தக் கூடுதல் நீரை வெளியே எடுக்காமலே நிறுவனம் மருந்தைச் சேர்த்திருந்தது. ஒரு பை முழுக்க ஒரே நோயாளிக்குப் போகும், அதனால் பாதகமில்லை என்பது அவர்கள் கணக்கு. மருத்துவமனைகளோ ஒரே பையிலிருந்து பலருக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தன. ஜெம்சைட்டபின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய இரண்டு மருந்துகளும் ஒன்டாரியோ, நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களில் ஏறக்குறைய ஓராண்டாக நீர்த்துப்போன நிலையில் நோயாளிகளின் உடலுக்குள் போயிருக்கின்றன. மொத்தம் 1,202 பேர். விசாரிக்க நியமிக்கப்பட்ட மருந்தியல் பேராசிரியர் ஜேக் தீசன் அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை தந்தார். யாரும் வேண்டுமென்று செய்த தவறல்ல, நிறுவனம் நினைத்ததும் மருத்துவமனைகள் நினைத்ததும் வேறு வேறாக இருந்ததுதான் கோளாறு என்பது அதன் சாரம்.

டாக்டர்கள் சரியாகத்தான் எழுதினார்கள். நர்ஸுகள் சரியாகத்தான் ஏற்றினார்கள். இரண்டுக்கும் நடுவே, நோயாளி ஒருநாளும் பார்க்காத ஓர் அறையில் பிழை நுழைந்தது. அதைப் பிடித்ததும் அப்படிப்பட்ட ஓர் அறையில் இருந்தவர்தான். புற்றுநோய் சிகிச்சை என்றதும் நமக்கு டாக்டர் நினைவுக்கு வருகிறார், ஸ்கேன் நினைவுக்கு வருகிறது, செலவு நினைவுக்கு வருகிறது. மருந்தாளுநர் நினைவுக்கு வருவதில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் தருபவர் என்ற அளவில் அவரை நிறுத்திவைத்திருக்கிறோம். நாம் செய்துகொண்டிருக்கும் இந்தத் தவறின் விலை ஏறிக்கொண்டே போகிறது. காரணம், புற்றுநோய் சிகிச்சை ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கி டே கேர் நாற்காலிக்கும், அங்கிருந்து வீட்டு அலமாரிக்கும் வந்துவிட்டது.

மருந்து ஏன் இன்னும் வரவில்லை?

கீமோ டே கேர் வார்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். விடியற்காலையில் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வாங்கி, டாக்டரைப் பார்த்து, கையில் ஊசியும் போட்டாயிற்று. மருந்து மட்டும் வரவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போகும். பொறுப்பான மருத்துவமனையில் அந்த நேரம் வீணாவதில்லை. உள்ளே ஒருவர் சீட்டைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கார்போபிளாட்டினை எடுத்துக்கொள்வோம். கர்ப்பப்பை, சினைப்பை, நுரையீரல் புற்றுநோய்களில் அன்றாடம் எழுதப்படும் மருந்து. இதன் அளவை உடல் எடையை வைத்து முடிவு செய்வதில்லை, சிறுநீரகத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். ஹிலரி கால்வெர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் குழுவினரும் 1989-ல் தந்த எளிய சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவோடு 25-ஐக் கூட்டி, டாக்டர் குறித்த இலக்கு எண்ணால் பெருக்க வேண்டும். இலக்கு 5, வடிகட்டும் அளவு 90 என்றால் 575 மில்லிகிராம். மூன்று வாரம் கழித்து அதே பெண் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, உடம்பில் நீர் வற்றி, வடிகட்டும் அளவு 50-க்கு இறங்கியிருந்தால் 375 தான். போன தடவை எழுதியதை அப்படியே பார்த்து எழுதினால் 200 மில்லிகிராம் கூடுதலாகப் போய்விடும். ரத்த அணுக்கள் தரைதட்டிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இன்றைய கிரியேட்டினின் ரிப்போர்ட் வருமுன் மருந்தைக் கலக்கமாட்டேன் என்று மருந்தாளுநர் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசினில் வேறொரு கணக்கு இருக்கிறது. அந்த மருந்துக்கு ஆயுள் வரம்பு உண்டு. ஒருவர் வாழ்நாளில் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் வாங்கலாம். அதைத் தாண்டினால் இதயம் பலவீனப்படும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் ஏற்றியதும் இந்தக் கணக்கில் சேரும். "பழைய ஃபைல் இருக்கா அம்மா?" என்று கேட்கும் மருந்தாளுநர் அந்தக் கூட்டலைத்தான் போடுகிறார்.

இன்னொருவர் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் உலகில் எளிதாக வந்துவிடவில்லை. 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் உடல்நலப் பகுதியில் எழுதிவந்த பெட்ஸி லேமன், மார்பகப் புற்றுநோய்க்காக அமெரிக்காவின் தலைசிறந்த மையங்களில் ஒன்றான டானா-ஃபார்பரில் சேர்ந்திருந்தார். சைக்ளோபாஸ்பமைடை நான்கு நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான்கு நாளுக்கான மொத்த அளவை ஒரு நாளைக்கான அளவாக எடுத்துக்கொண்டு, நான்கு நாளும் அதையே கொடுத்துவிட்டார்கள். 1994 டிசம்பர் 3 அன்று, 39 வயதில் அவர் இறந்தார். எழுதிய டாக்டர் பார்க்கவில்லை, ஏற்றிய நர்ஸ் பார்க்கவில்லை, மருந்தகமும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆராய்ச்சிப் பதிவேட்டில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்த எழுத்தர்தான் எண்கள் பொருந்தாததைக் கண்டார். அந்த மரணத்துக்குப் பிறகு டானா-ஃபார்பர் தன் மருந்து வழங்கும் முறையையே மாற்றி அமைத்தது. அமெரிக்காவில் 1996-ல் புற்றுநோய் மருந்தியல் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. தேர்வு எழுதித் தகுதிச் சான்று வாங்கினால்தான் அந்தப் பட்டம். சான்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

வின்கிரிஸ்டின் கதை இன்னும் கொடியது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ரத்தநாளத்தில் செலுத்தும் மருந்து அது. அதே குழந்தைகளுக்கு முதுகுத் தண்டிலும் வேறொரு மருந்து போடுவார்கள். இரண்டும் ஒரே நாளில், இரண்டும் சிரிஞ்சில் வந்தால், கை மாறிப்போகலாம். வின்கிரிஸ்டின் முதுகுத் தண்டுக்குள் போனால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. 1968 முதல் உலகெங்கும் 55 முறை இப்படி நடந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எச்சரித்தது. அதற்கான தீர்வு மருந்தறையில்தான் இருக்கிறது: சிரிஞ்சில் நிரப்பாமல் சிறிய சலைன் பையில் கலந்து அனுப்பிவிடுவது. பையை யாரும் முதுகுத் தண்டில் மாட்டமாட்டார்கள். எந்தப் புது இயந்திரமும் தேவையில்லாத, சில ரூபாய் செலவில் ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு. இதைச் செய்யாத இடம் இன்னும் எங்காவது இருக்குமானால் அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

செலவும் அந்த அறையில்தான் குறைகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் 440 மில்லிகிராம் குப்பியாக வருகிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம், ஒரு தடவைக்கு 330 போதும். மீதி 110 என்ன ஆகிறது? அதே எடையுள்ள நான்கு பெண்களை ஒரே நாளில் வரச் சொல்லி, முறையான கலக்கும் அறையில் கலந்தால் மூன்று குப்பியில் நான்கு பேருக்கும் முடிந்துவிடும். ஒரு குப்பியின் விலை மிச்சம். நகையை அடகு வைத்துவிட்டு வந்திருக்கும் குடும்பத்துக்கு இதன் அருமை தெரியும். இந்த நாள் பொருத்தத்தைப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் போடவும் மருந்தகத்தில் ஓர் ஆள் வேண்டும்.

மாத்திரை வீட்டுக்கு வந்தபோது

2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை அன்றாடம் மாத்திரை போட்டுக்கொண்டு வாழும் நோயாக மாற்றியது. அதன் விலைக்காக நடந்த போராட்டத்தின் ஒரு பகுதி சென்னையிலேயே நடந்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல், அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்தின் தோல்வியோடு முடிந்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மாத்திரையின் இந்தியத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் கிடைத்ததால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

விலை குறைந்துவிட்டது. மாத்திரை கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அது வாய்க்குள் போகிறதா?

பெல்ஜியத்தில் 169 நோயாளிகளை வைத்து நடந்த, 2009-ல் வெளியான ஆய்வு மூன்று மாதம் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தது. எழுதிக் கொடுத்தபடி ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூடக் கூட்டாமல் போட்டவர்கள் 14 சதவீதம்தான். மறு ஆண்டு லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆய்வு வந்தது. 87 பேரின் மாத்திரை டப்பி மூடியில் சில்லு வைத்து, டப்பி திறக்கும் ஒவ்வொரு முறையையும் பதிவு செய்தார்கள். நூற்றுக்கு எண்பது அல்லது அதற்கும் குறைவாகப் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட மரபணு அளவில் நோய் எதிர்பார்த்தபடி அடங்கவில்லை. இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் அல்லர். குமட்டுகிறது என்று ஒரு நாள், கல்யாணத்துக்குப் போனபோது மறந்து ஒரு நாள், கால் வீங்குகிறதே என்று பயந்து ஒரு வாரம். டாக்டரிடம் கேட்டால் "ஒழுங்கா போடுறேன் சார்" என்ற பதில்தான் வரும். ஓ.பி. வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது வேறு எந்தப் பதில் வரும்?

அங்கேதான் மருந்தாளுநரின் இன்னொரு வேலை தொடங்குகிறது. அவர் "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்பதில்லை. "போன வாரம் எத்தனை மாத்திரை விட்டுப்போச்சுங்க ஐயா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்ற ஒப்புதல் இருக்கிறது. அப்போது உண்மை வெளியே வரும்.

புற்றுநோய் மாத்திரைகளில் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாத விதிகள் இருக்கின்றன. கேபெசிடபினை, உணவு சாப்பிட்ட அரை மணிக்குள் போட வேண்டும். காலையும் இரவும் 14 நாள், பிறகு 7 நாள் நிறுத்த வேண்டும். அந்த ஏழு நாள் நிறுத்துவதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் தொடர்ந்து போட்டுக்கொண்டே வருபவர்கள் வாயெல்லாம் புண்ணாகி, பேதி நிற்காமல் வந்து சேர்வார்கள். மூளைக் கட்டிக்குத் தரும் லோமுஸ்டின் ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு வேளை. அதைத் தினமும் போட்டு உயிர்கள் போனதால், ஒரு வேளைக்கு மேல் கையில் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க லேபிளில் எழுதிவைத்திருக்கிறார்கள். நிலோடினிப் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை. சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் அளவு ஏறி இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம்.

இந்த உணவு விவகாரத்தில் மிகவும் யோசிக்க வைப்பது அபிராடெரோன். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தினம் 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, வெறும் வயிற்றில் என்பது எழுதப்பட்ட முறை. கொழுப்பு மிகுந்த உணவோடு போட்டால் உடல் உறிஞ்சும் அளவு ஏறத்தாழ பத்து மடங்கு ஏறிவிடும். தோசைக்கும் வடைக்கும் நடுவே நான்கு மாத்திரையையும் விழுங்கும் பெரியவருக்கு ஆபத்து. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்கள்: உணவுதான் உறிஞ்சுதலைக் கூட்டுகிறதே, மாத்திரையைக் குறைத்தால் என்ன? 72 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான நான்கு மாத்திரை வெறும் வயிற்றில். மீதிப் பேருக்கு ஒரே ஒரு மாத்திரை, கொழுப்பு குறைந்த காலை உணவோடு. நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பொருளின் அளவு குறைந்ததில் ஒரு மாத்திரை நான்குக்குச் சளைக்கவில்லை. 2018-ல் வெளியான இந்த முடிவு, ஒரு மாத மருந்தில் நான்கு மாதம் ஓட்டலாம் என்ற வழியைத் திறந்தது. சிறிய ஆய்வுதான், பி.எஸ்.ஏ.யை அளந்தது, ஆயுளை அளக்கவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது, நோயாளி தானாக முடிவு செய்யவே கூடாது. ஆனால் பணமில்லாமல் மருந்தை நிறுத்தப்போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, "இப்படி ஒரு வழி இருக்கிறது டாக்டர், பரிசீலிக்கலாமா?" என்று எடுத்துக் கொடுக்க மருந்தைப் படித்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

கேஸ் மாத்திரையும் முள்சீத்தாவும்

நம்மூரில் நெஞ்சு எரிந்தால் டாக்டரைக் கேட்பதில்லை. மெடிக்கலில் போய் ஒரு அட்டை கேஸ் மாத்திரை வாங்கிவிடுவோம். நுரையீரல் புற்றுநோய் மாத்திரையான எர்லோடினிப் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். ஒமெப்ரசோல் சேர்ந்தால் அதில் கிட்டத்தட்டப் பாதி உடலுக்குள் சேராமலே போய்விடும். ரத்தப் புற்றுநோய்க்கான டசாடினிப்புக்கும் இதே கதி. மாத்திரை தவறாமல் போகிறது, ஸ்கேனில் கட்டி வளர்கிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி அதைவிட விலை கூடிய மருந்துக்குப் போகிறார்கள். காரணம் பத்து ரூபாய் மாத்திரையாக இருந்திருக்கலாம். கேபெசிடபினோடு ஃபோலிக் அமிலச் சத்து மாத்திரை சேர்ந்தால் பக்கவிளைவு கூடும். 'உடம்பு தேறட்டும்' என்று அன்போடு வாங்கிக் கொடுக்கும் டானிக்கிலேயே அது இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்களுக்குக் கேபெசிடபின் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரும். வலிப்பு மாத்திரை ஃபெனிடாயின் போடுபவர்களுக்கு அதன் அளவு ரத்தத்தில் ஏறி, நடை தள்ளாடும்.

பிறகு நாட்டு மருந்து. முள்சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் புற்றுநோயைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றாத நாள் இல்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடையாது. கரீபியத் தீவான குவாதலூப்பில் இதைத் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் திட்டு விழும் என்று மறைக்கிறார்கள். மருந்தாளுநர் திட்டக் கூடாது. என்ன இலை, எவ்வளவு, எந்த வேளை, யார் கொடுத்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நம்பி வந்து சொன்னவரை ஏளனம் செய்தால் அடுத்த முறை அவர் எதையும் சொல்லமாட்டார்.

இதில் எதுவும் வெறும் நல்லெண்ணம் அல்ல. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனை முன்னின்று நடத்திய 'அம்போரா' ஆய்வு 2021-ல் வெளியானது. புதிதாக மாத்திரை வழிப் புற்றுநோய் சிகிச்சை தொடங்கிய 202 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு சாராருக்கு அதோடு கூட, மருந்தாளுநரும் மருந்தியல் மருத்துவரும் சேர்ந்து மருந்துப் பட்டியல் முழுவதையும் அலசி, உட்காரவைத்துப் பேசி, மூன்று மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்து தொடர்பான சிக்கல்கள் சராசரி 5.81-லிருந்து 3.85-க்கு இறங்கின. கடுமையான பக்கவிளைவு, சிகிச்சை பாதியில் நிற்பது, திடீரென்று மருத்துவமனையில் சேர்வது, மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆபத்து பாதிக்கும் கீழே போனது. இவ்வளவு பலன் தரும் புது ஊசி ஒன்று வந்திருந்தால் உலகமே அதைப் பற்றித்தான் பேசியிருக்கும்.

பிரிட்டனில் 2003 நவம்பருக்கும் 2007 ஜூலைக்கும் இடையே புற்றுநோய் மாத்திரைகளால் நேர்ந்த 400 சம்பவங்களும், அவற்றுக்கு மேல் 3 மரணங்களும் அங்குள்ள நோயாளிப் பாதுகாப்பு அமைப்புக்கு வந்து சேர்ந்தன. ஊசி மருந்துக்கு என்னென்ன கட்டுப்பாடோ அத்தனையும் மாத்திரைக்கும் வேண்டும் என்று 2008 ஜனவரியில் உத்தரவிட்டார்கள். அதற்கு முன்பே, 2006-லிருந்து, கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் அங்கே தாங்களே மருந்து எழுதலாம். புற்றுநோய் ஓ.பி.யில் பல இடங்களில் முதல் சீட்டு டாக்டருடையது. அடுத்தடுத்த சுற்றுகளில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, பக்கவிளைவைக் கேட்டு, அளவைக் குறைத்தோ தள்ளிவைத்தோ எழுதுவது மருந்தாளுநர். டாக்டருக்குப் புது நோயாளிகளைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள், நாற்காலி இல்லை

2022-ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர், இறந்தவர்கள் 9 லட்சத்துக்கு மேல் என்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. மத்திய அரசு 2025 பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய் டே கேர் மையங்கள் வரும், 2025-26-ல் மட்டும் 200 மையங்கள் என்று அறிவித்தது. அடையாற்றுக்கும் வேலூருக்கும் புதுச்சேரிக்கும் கீமோவுக்காக மாதம் இரண்டு முறை ரயில் ஏறும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை. மனதார வரவேற்கிறேன். அதே மூச்சில் கேட்கிறேன்: அங்கே மருந்தை யார் கலக்கப்போகிறார்கள்? அளவை யார் இரண்டாம் முறை போட்டுப் பார்க்கப்போகிறார்கள்?

சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் இன்று நர்ஸ்தான் கலக்குகிறார். வார்டு மூலையில் ஒரு மேஜை, மேலே மின்விசிறி, கையில் சாதாரண கையுறை. கீமோ மருந்தின் துளியும் ஆவியும் கலப்பவரின் உடம்புக்கும் கேடு. கர்ப்பமாக இருப்பவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. காற்றை வடிகட்டி மேலே இழுக்கும் பாதுகாப்புப் பெட்டியையும், அதில் வேலை செய்யப் பயிற்சி பெற்றவரையும் கேட்பது ஆடம்பரமல்ல.

ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2008-லிருந்து நம் நாட்டில் ஃபார்ம்.டி. படிப்பு இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியுமாக ஆறு ஆண்டு. வார்டில் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போய், நோயாளியின் மருந்துப் பட்டியலை அலசக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறார்கள். ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி அதற்கும் பத்தாண்டு முன்பே அங்குள்ள அரசு மருத்துவமனையில் இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. படித்துவிட்டு இவர்கள் எங்கே போகிறார்கள்? பலர் மெடிக்கல் கோடிங் நிறுவனங்களில் கணினி முன் உட்கார்ந்து அமெரிக்க இன்ஷூரன்ஸ் பில்களுக்கு எண் போடுகிறார்கள். சிலர் வெளிநாட்டுத் தேர்வு எழுதிப் பறந்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இவர்களுக்கென்று இருக்கும் பணியிடங்கள் மிகச் சொற்பம். பெற்றோர் கடன் வாங்கிப் படிக்கவைத்த ஆறு ஆண்டுப் படிப்பு ஓரிடத்தில் கிடக்கிறது. அந்தப் படிப்புக்காகவே காத்திருக்கும் நோயாளி வேறிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இது என்னைக் கோபப்படுத்துகிறது.

தமிழ்நாடு 1994-ல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்தை மொத்தமாக, தரமாக, மலிவாக வாங்குவது எப்படி என்று மற்ற மாநிலங்களுக்கே வழிகாட்டிய மாநிலம். வாங்கிய மருந்து சரியான ஆளுக்குச் சரியான அளவில் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க ஆள் போடுவதிலும் முன்னால் நிற்க வேண்டியது நாம்தான். ஒவ்வொரு மாவட்டப் புற்றுநோய் மையத்துக்கும் புற்றுநோய்ப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் இருவர், முதல் நாளிலிருந்தே. கட்டடமும் நாற்காலிகளும் திறப்பு விழா கண்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பணியிடம் வரவே வராது.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளே நமக்கு எவ்வளவோ தந்திருக்கின்றன. கேபெசிடபினால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும் அவதிக்கு, சாதாரண டைக்ளோபெனாக் ஜெல் தடவிப் பார்த்தார்கள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள். நடுத்தர, கடுமையான பாதிப்பு 15 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் குறைந்ததாக 2024-ல் அறிவித்தார்கள். எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் ஜெல். அதே ஆண்டு மும்பை டாடா மெமோரியலின் ஆய்வு, வாந்திக்குத் தரும் ஓலன்சபினை 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 கொடுத்தாலே போதும், பகல் தூக்கமும் குறையும் என்று காட்டியது. இரண்டும் மலிவானவை, எந்த நிறுவனத்துக்கும் பெரிய லாபம் தராதவை. அதனால் இவற்றைச் சுமந்துகொண்டு எந்த விற்பனைப் பிரதிநிதியும் மாவட்ட மருத்துவமனைக்கு வரமாட்டார். கொண்டுவந்து சேர்க்கக்கூடியவர் அங்கேயே சம்பளம் வாங்கும், மருந்தை மட்டுமே படிக்கும் ஒருவர்தான்.

அந்தப் பணியிடம் வரும்வரை கீமோ எடுப்பவர்களும் வீட்டாரும் சிலவற்றைக் கேட்டே வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், டானிக்கையும், சூரணத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருந்தகத்தில் காட்டுங்கள். புது மாத்திரை வாங்கும்போது எந்த நாள் தொடங்கி எந்த நாள் நிறுத்துவது என்று காலண்டரில் குறித்துத் தரச் சொல்லுங்கள். சாப்பிடும் முன்னா, பின்னா, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, உடைத்துப் போடலாமா என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம், உங்கள் உடம்பு அது. மாத்திரையை வேறொருவர் எடுத்துக் கொடுப்பதானால் கையுறை போட்டுக்கொள்ளட்டும். காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். 100.4 டிகிரி தொட்டுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். வெள்ளை அணு இறங்கியவருக்கு ஆஸ்பத்திரி வாசல் மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர எண் இல்லை என்று சொன்னால், அதையும் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள்.